எட்டு இடப் பெட்டி

என் அத்தை எலக்ட்ரீஷியன். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதலில் மெஷின்களின் பட்டியலைக் கேட்க மாட்டாள். "ஒரே நேரத்துல எத்தனை ஓடும்?" என்றுதான் கேட்பாள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் விழிப்பார்கள். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று டாக்டர் கேட்டால் சொல்வதுபோல, பாதியாகக் குறைத்து ஒரு பதில் சொல்வார்கள். அத்தை அதை நம்பவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள்.

"சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் ஒரு ஓரமா இருக்கேன்" என்று ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு மணி நேரம். அவர்கள் ரம்பத்தை அணைக்காமலே அடுத்த மெஷினைப் போடுவதை, குளிருக்கு ஹீட்டரைக் காலால் இழுத்துக்கொள்வதை, ரேடியோவை, டீ கெட்டிலை, எல்லாவற்றையும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். "வாய் சொல்ற கணக்கு வேற, கை போடற கணக்கு வேற. பிரேக்கருக்கு வாய் கிடையாது" என்பாள்.

வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்டிலோ, பின்புறக் கொட்டகையிலோ பட்டறை வைப்பவர்கள்தான் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். வீட்டின் மெயின் பேனலிலிருந்து பட்டறைக்கென்று ஒரு கனத்த கம்பியை இழுத்து, அங்கே தனியாக ஒரு சின்னப் பேனலை மாட்ட வேண்டும். அது சிறியதாகப் போனால் மெஷின் ஓடும்போது பட்டென்று அணையும். தேவைக்கு மேல் பெரிதாக இழுத்தால் வீடு தாங்காது. அந்தப் பெட்டியின் அளவைச் சரியாகச் சொல்வதுதான் அத்தையின் தொழில்.

அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பெட்டியையும் நிரப்ப மாட்டாள். சுமை கூடினால் தானாக அணையும் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஓர் இடம். பத்து தேவைப்பட்டால் பதினாலு இடம் உள்ள பெட்டியைத்தான் மாட்டுவாள். "சும்மா கிடக்கிற இடத்துக்கு நான் ஏன் பணம் கொடுக்கணும்?" என்று கேட்பவர்களிடம், "அடுத்த வருஷம் என்ன வாங்குவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். மின்சாமான் கடைக்காரர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் தலையைக் கண்டதும், "காலியிடம் வந்தாச்சு, பெரிய பெட்டியா எடு" என்று உள்ளே குரல் கொடுப்பார். அத்தை சிரிக்காமல், "உங்க தலையில இருக்கிற அளவுக்கு இல்லீங்க, கொஞ்சம் போதும்" என்பாள்.

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. இருபத்தாறு வயது வரை அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வரிசைக்குப் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகள். பேனல் நிரம்பியிருந்தது. புதிதாக மூன்று இஸ்திரிப் பெட்டிகள் வந்தபோது முதலாளி ஒரே திருகின் கீழ் இரண்டு கம்பிகளைச் செருகச் சொன்னார். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுவர் எரிந்தது. யாரும் உள்ளே இல்லை. ஆனால் நாற்பது பேருக்கு அதோடு வேலை போயிற்று. மற்றவர்கள் வேறு சலவைக்கூடம் தேடிப் போனார்கள். அத்தை கருகிய பேனலின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மாலை நேரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். "இஸ்திரி போட வந்தியாம்மா?" என்று கேட்டவன் இரண்டு வருடம் கழித்து உரிமத் தேர்வில் தோற்றான். அத்தை முதல் தடவையிலேயே தேறினாள். அதைப் பற்றி அவள் பெருமையாகப் பேசியதில்லை. கேட்டால், "அவன் பாவம், கணக்குல வீக்கு" என்பதோடு விட்டுவிடுவாள்.

கல்லூரி பக்கம் என்பதால் நான் நான்கு வருடங்களாக அத்தை வீட்டு மாடியறையில் இருக்கிறேன். மின் வேலைக்கான அனுமதிப் படிவங்கள் எல்லாம் இந்தக் குளிர் நாட்டு மொழியில்தான் இருக்கும்; அத்தைக்கு அதைப் படிக்க வரும், எழுதக் கொஞ்சம் தடுமாறுவாள். அவற்றை நிரப்புவது என் வேலை. அத்தை நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அதனால் அவளுடைய கணக்குகள் எனக்கு மனப்பாடம்.

மாமா நாற்காலி செய்பவர். ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் நாற்காலிக் கால்களையும் முதுகுகளையும் வளைத்தவர். போன வருடம் அவருடைய இடது கை நடுங்கத் தொடங்கியது. சும்மா மடியில் இருக்கும்போது கட்டை விரலும் சுட்டு விரலும் எதையோ உருட்டுவதுபோல் தானாக அசையும். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அது மெதுவாக வளரும் என்றார். வேலையில் இருக்கும்போது நடுக்கம் குறையும், ஓய்வில்தான் கூடும், குளிரில் இன்னும் கூடும் என்றார். கடைசியாக, கூரான மெஷின்களிடம் கவனம் என்றார். அத்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தொழிற்சாலையில் மாமாவைக் கிடங்கில் உட்கார வைத்துப் பெட்டிகளில் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மூன்று வாரம் ஒட்டினார். நாலாவது வாரம் தன் உளிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கையைச் சும்மா வச்சிருக்கற வேலையா பார்த்துக் கொடுத்திருக்காங்க. என் கைக்கு ஆகாத வேலை உலகத்துலேயே அது ஒண்ணுதான்" என்றார்.

பேஸ்மென்டில் பட்டறை வைப்பதென்று அவரே முடிவு செய்தார். பழைய சாமான்களை அப்புறப்படுத்தினோம். சுவருக்கு வெள்ளையடித்தோம். சாப்பாட்டு மேஜையில் ஒருநாள், "கரண்ட் வேலைக்கு ஆள் பார்க்கணும். உனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் யாராவது இருக்காங்களா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"இருக்காங்க. வாய் கொஞ்சம் அதிகம்" என்றாள் அத்தை.

"பரவாயில்லை, பழகிடுச்சு."

அவர்கள் இருவரும் அப்படிப் பேசிக்கொண்டு நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அடுத்த வாரம் அத்தை என்னிடம் படிவத்தை நிரப்பச் சொன்னாள். நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். அறுபது ஆம்பியர். எட்டு இடம் உள்ள பெட்டி. பட்டை ரம்பம், லேத், துளை போடும் மெஷின், தேய்க்கும் மெஷின், தூசி உறிஞ்சி, கம்ப்ரசர், விளக்கு, சுவர் பிளக்குகள். நான் எழுதிக்கொண்டே மனதுக்குள் எண்ணினேன். எட்டு. பேனா ஒரு நொடி நின்றது. எதற்கும் குறுக்கே பேசாமல் இருப்பது என் பழக்கம். அன்றும் பேசவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினேன்.

பெட்டி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அத்தை அதைப் பேஸ்மென்ட் சுவரில் மாட்டினாள். கம்பி இன்னும் இழுக்கவில்லை. மாமா படியிறங்கி வந்து, அதன் கதவைத் திறந்து, வலது கை விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "படிவத்துல எத்தனை மெஷின் எழுதினே?" என்று கேட்டார்.

"எட்டு லைன், மாமா."

"பெட்டியில?"

"எட்டு."

மாமா கதவைச் சாத்தினார். "ஊருக்கெல்லாம் காலியிடம். எனக்கு மட்டும் ஹவுஸ்ஃபுல்லா?"

அத்தை ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றீங்க?"

"இருபது வருஷமா சாப்பிடும்போதெல்லாம் இதைத்தானே கேட்கிறேன். மாவு அரைக்கிற மெஷின் வச்சிருக்கிறவனுக்கு நாலு இடம் விட்டே. அந்த மண்பானைக்காரருக்கு எழுபத்தெட்டு வயசு. அவருக்கே ஆறு இடம் விட்டேன்னு வந்து சொன்னே. எனக்கு எவ்வளவு நாள்னு கணக்குப் போட்டிருக்கே?"

"அப்படியெல்லாம் இல்லைங்க. உங்களுக்கு இவ்வளவுதானே மெஷின்…"

"அவங்களுக்கும் அவ்வளவுதானே மெஷின்."

அத்தை துடைத்த ஸ்க்ரூ டிரைவரையே மறுபடி துடைத்தாள். மாமாவின் இடது கை சட்டைப் பைக்குள் அசைந்துகொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"தெரியாம விட்டிருந்தாலும் பரவாயில்லை. உனக்குத் தெரியாம உன் கையிலிருந்து ஒரு இடம்கூட போகாது" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

நான்கு நாட்கள் வீட்டில் பேச்சு தேவைக்கு மட்டும் நடந்தது. உப்பு எங்கே, சாவி எங்கே, மாத்திரை போட்டாச்சா. அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள். ஐந்தாம் நாள் அவள் சமையலறையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமாவுக்கென்று ஒரு பக்கமும் அதில் இல்லை. டாக்டர் சொன்னதை எழுதிய பக்கம் ஒன்றுதான் இருந்தது.

"முன்பின் தெரியாதவங்க வீட்டுல எல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்" என்றாள் என்னிடம். "இவரை நான் உட்கார்ந்து பார்க்கவே இல்லைம்மா. ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்துப் பெட்டி வாங்கிட்டு வந்திருக்கேன்."

எழுந்து பேஸ்மென்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மாமா மேலே இருந்து நீளக் கம்பி ஒன்றை இழுத்து ஒரே ஒரு மெஷினை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் ஒரு ஓரமா இருக்கேன்."

மாமா அவளைப் பார்த்தார். அந்த வாக்கியம் யாருக்கானது என்று அவருக்குத் தெரியும். "கஸ்டமரா நான்?" என்றார்.

"ஆமாங்க."

"சரி. ஆனா டீ எல்லாம் தர முடியாது, சொல்லிட்டேன்."

மாமா பலகையை எடுத்தார். பென்சிலால் கோடு போடும்போது இடது விரல்கள் பலகையின் ஓரத்தில் தாளம் தட்டின. ரம்பம் ஓடத் தொடங்கியது. இரண்டு உள்ளங்கைகளையும் மரத்தின்மேல் வைத்தார். நடுக்கம் நின்றது. முழுவதுமாக இல்லை; ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் அதிர்வைவிடக் குறைவாக. மரம் அவர் கைக்குக் கீழே வளைவாகத் திரும்பிப் போய், நாற்காலிக் காலாக வெளியே வந்தது. விரல்களுக்கும் ரம்பப் பட்டைக்கும் நடுவே, மரத்தைத் தள்ள, ஒரு தள்ளுகட்டை வைத்திருந்தார். அவரே செய்தது, அவருடைய உள்ளங்கை அளவுக்குக் குழித்தது.

அத்தை எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள்.

"மேஜை ரம்பம் எங்கே? மெஷின் பட்டியல் சொன்னப்பவும் அதை நீங்க சொல்லலை."

"வித்துட்டேன். அது மரத்தைத் திருப்பி எறியும். அதுக்கு ஈடு கொடுக்க இந்தக் கையால ஆகாது. என் கை எப்படின்னு எனக்குத் தெரியாதா?" மாமா மரத்தூளை ஊதினார். "பட்டை ரம்பம் கீழேதான் இழுக்கும். இதோட எனக்கு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத அன்னைக்கு நானே சொல்றேன்."

"எப்போ சொல்வீங்க?"

"உன்கிட்ட மறைச்சு எதைச் செய்ய முடிஞ்சிருக்கு?"

அத்தை நோட்டில் அடுத்த வரிக்குப் போனாள். "ஒரே நேரத்துல எத்தனை ஓடும்?"

"ரம்பம். கூடவே தூசி உறிஞ்சி. கம்ப்ரசர் அது பாட்டுக்கு ஓடி நிக்கும். லைட்டு. அப்புறம் ரெண்டு ஹீட்டர்."

அத்தையின் பேனா நின்றது.

"ஹீட்டரா?"

"குளிர்காலத்துல இந்த அறை ஐஸ்பெட்டி. சூடு இல்லைன்னா கை கேட்காது. டாக்டர் சொன்னதை நீதானே எழுதினே?"

அவள்தான் எழுதியிருந்தாள். குளிரில் கூடும் என்ற வரி அவள் கையெழுத்தில் இருந்தது. எந்தப் பட்டறைக்கும் அவள் முதலில் எழுதுவது ஹீட்டரைத்தான். மாமாவின் படிவத்தில் அது இல்லை. குளிர்காலத்தில் அவர் இந்த அறைக்கு இறங்கி வருவார் என்று அவள் மனம் நினைக்கவே இல்லை. அதை அவள் அந்த நொடியில் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. நோட்டை மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எனக்குப் பயமா இருந்ததுங்க" என்றாள். "பெட்டி சின்னதா இருந்தா நீங்க கொஞ்சமா வேலை செய்வீங்கன்னு நினைச்சிருக்கேன் போல. நினைச்சது எனக்கே தெரியலை."

மாமா ரம்பத்தின் மேஜையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கும் பயம்தான்" என்றார். "அதுக்குப் பெட்டி என்ன பண்ணும்?"

மறுநாள் அத்தை எட்டு இடப் பெட்டியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன காலியிடம், கை தவறிடுச்சா?" என்றார். அத்தை அவரைக் கிண்டல் செய்யவில்லை. "ஆமாங்க, தவறிடுச்சு. நூறு ஆம்பியர்ல பதினாலு இடம் கொடுங்க" என்றாள். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு அதைத் தாங்குமா என்று மெயின் பேனலின் கணக்கை மூன்று முறை போட்டாள். தாங்கும், ஓரளவு இடமும் மிஞ்சும் என்று வந்தது. படிவத்தை மறுபடி எழுத வேண்டியிருந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"என்ன எழுதட்டும், அத்தை? வாடிக்கையாளர் விருப்பம்னு போடலாமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"வேண்டாம். கணக்குப் பிழைன்னு எழுது."

அவளுக்காக நான் நிரப்பிய படிவங்கள் எதிலும் அந்த வார்த்தை இருந்ததில்லை. எழுதினேன். அவள் வாங்கி, படித்து, கையெழுத்துப் போட்டாள்.

மின் ஆய்வாளர் இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகலில் வந்தார். அத்தையை நெடுநாளாக அறிந்தவர். படிவத்தைப் பார்த்து, "மேடம், உங்க பேப்பர்ல இந்த வார்த்தையை நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

"நானும்தான் சார்" என்றாள் அத்தை.

கம்பியின் கனம், எர்த் கம்பி, திருகுகளின் இறுக்கம் எல்லாவற்றையும் பார்த்தார். ஒவ்வொரு திருகின் கீழும் ஒரே ஒரு கம்பிதான் இருந்தது. பிறகு, "எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அத்தை கையுறை மாட்டிக்கொண்டு, திறந்த பேனலின் முன் நின்று, கனத்த கம்பியை, மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் கவ்வினாள். மாமா ஹீட்டர்கள் இரண்டையும் போட்டார். தூசி உறிஞ்சி, கம்ப்ரசர், விளக்குகள், கடைசியில் ரம்பம்.

"அறுபத்திரெண்டு" என்று அத்தை உரக்கச் சொன்னாள்.

"மரம் அறுத்தாத்தானே முழு லோடு தெரியும். சார், ஏதாவது அறுக்க முடியுமா?" ஆய்வாளர் இதைக் கேட்டுவிட்டு, அப்போதுதான் மாமாவின் இடது கையைக் கவனித்தார். "இல்லை, பரவாயில்லை, அதுவே…"

"அறுக்கிறேன்" என்றார் மாமா.

கனமான பலகை ஒன்றைத் தூக்கி வைத்தார். எனக்கு அத்தையின் முதுகுதான் தெரிந்தது. அவள் பேனலைப் பார்த்து நின்றிருந்தாள். ரம்பம் அவளுக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் இருந்தது. மரம் பட்டதும் ரம்பத்தின் சத்தம் தடித்தது. அவளுடைய தோள்கள் இறுகின. அவள் திரும்பவில்லை. மீட்டரைப் பிடித்த கை அசையவில்லை.

"மேடம், எவ்வளவு?"

"அறுபத்தெட்டு."

சத்தம் மெலிந்து நின்றது. அறுபட்ட துண்டு மேஜையில் சரிந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டு, படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாயிற்று என்று படியேறினார். அதற்குப் பிறகுதான் அத்தை திரும்பினாள்.

மாமா வெட்டிய விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "எவ்வளவு சொன்னே?"

"அறுபத்தெட்டுங்க."

"அப்போ உன்னோட அறுபது?"

"கொஞ்ச நேரத்துல பிரேக்கர் டிரிப் ஆகி எல்லாம் அணைஞ்சிருக்கும்."

மாமா தலையசைத்தார். ஹீட்டரைக் காலால் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, அடுத்த பலகையில் கோடு போடக் குனிந்தார். அத்தை பேனலின் மூடியைப் பொருத்தி நான்கு திருகுகளையும் முடுக்கினாள்.